பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு: சேரும் முன்பிருந்து இன்டர்ன்ஷிப் வரை, படிப்படியாக

"பி.ஏ. படிக்கிறேன்" என்றதும் எங்க மாமா கேட்டது, "தமிழா, வரலாறா?" பக்கத்து வீட்டுக்காரர் கேட்டது, "எந்த எம்.எல்.ஏ.கிட்ட?" நாகர்கோவில் பக்கம் இந்தக் கேள்விகள் உங்களுக்கும் வரும். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: இந்த பி.ஏ. பிசிஷியன் அசிஸ்டென்ட்; வேலை, டாக்டரின் மேற்பார்வையில் நோயாளியை விசாரிப்பது, பரிசோதிப்பது, கேஸ் ஷீட் எழுதுவது, வார்டில் தொடர்ந்து கவனிப்பது. இது நர்ஸிங் இல்லை. எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் குறுக்குவழியும் இல்லை. நம் நாட்டில் 1992-ல் சென்னையில் இதய அறுவை நிபுணர் கே.எம். செரியன் தொடங்கிவைத்த படிப்பு இது.

படி 1: சேரும் முன்

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். பொதுவாக வகுப்பு 3 வருடம், அதன்பின் இன்டர்ன்ஷிப் (ஆஸ்பத்திரியில் நேரடிப் பயிற்சி) 1 வருடம். கல்லூரியின் பல்கலைக்கழக இணைப்பைச் சரிபார்த்த கையோடு, காலை பத்து மணிக்கு அங்கே பயிற்சி தரும் ஆஸ்பத்திரியின் ஓ.பி.யில் போய் நின்று பாருங்கள். கூட்டம் இல்லையென்றால் நீங்கள் கற்றுக்கொள்ள நோயாளியும் இருக்க மாட்டார்.

படி 2: முதல் வருடம்

அனாட்டமி (உடலின் அமைப்பு), பிசியாலஜி (உடல் இயங்கும் விதம்), பயோகெமிஸ்ட்ரி (உடலின் வேதியியல்). தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு முதல் மூன்று மாதம் மூச்சு முட்டும். தினம் பத்து ஆங்கில மருத்துவ வார்த்தை எழுதிப் படியுங்கள், பழகிவிடும்.

படி 3: நோயாளியிடம் கேட்பது

படிப்பின் உயிர் இங்கேதான். என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, முன்பு என்ன நோய், என்ன மாத்திரை, வீட்டில் யாருக்காவது உண்டா என்று வரிசையாகக் கேட்கச் சொல்லித் தருவார்கள். நம் மாவட்டத்தில் இன்னொன்றும் வேண்டும்: நோயாளி பேசும் பேச்சு. விளவங்கோடு பக்கத்துப் பாட்டி "மூணு நாளா பனி" என்றால் அது காய்ச்சல், மார்கழிப் பனி அல்ல. "தடுமம்" என்றால் சளி. வெளியூரிலிருந்து படிக்க வந்த என் தோழி "பனியில வெளிய போகாதீங்க பாட்டி" என்று சொல்ல, வார்டே சிரித்தது.

தொழிலைக் கேட்க மறக்காதீர்கள். வயல் சேற்றில் நின்றவருக்குக் காய்ச்சல் என்றால் எலிக்காய்ச்சலும் நினைவுக்கு வர வேண்டும். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்க்கும் அக்காவின் கைப் புண்ணுக்கு முந்திரித் தோட்டின் எண்ணெய் காரணமாக இருக்கலாம். "கூலி வேலை" என்று ஒரே வார்த்தையில் எழுதி முடித்தால் இதெல்லாம் தப்பிப்போகும்.

படி 4: கையால் பார்ப்பது

பி.பி. பார்க்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். கை இதய மட்டத்தில் இருக்கட்டும், பேச்சு வேண்டாம். மூச்சை எண்ணும்போது எண்ணுகிறோம் என்று சொல்லாதீர்கள். தெரிந்தால் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்கும். எண்ணாமலே '18' என்று எழுதும் பழக்கம் எல்லா வார்டிலும் உண்டு. உங்களுக்கு அது வேண்டாம்.

படி 5: டாக்டரிடம் சொல்வது

இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். வயது, முக்கியத் தொந்தரவு, எத்தனை நாள், நீங்கள் கண்டது, உங்கள் சந்தேகம். தெரியாததை "கேட்கவில்லை சார்" என்று சொல்லிவிடுங்கள். திட்டு விழும், நோயாளிக்குத் தப்பு நடக்காது.

படி 6: இன்டர்ன்ஷிப்

ஊக்கத்தொகை உண்டா என்று சேரும் நாளிலேயே கேளுங்கள். நான் போன ஓர் இடத்தில் ஒரு மாதம் முழுக்க ரெஜிஸ்டர் மட்டும் எழுத வைத்தார்கள். வாய் திறந்து கேட்ட பிறகுதான் வார்டுக்கு விட்டார்கள். எவ்வளவு பழகினாலும் மருந்துச் சீட்டில் நீங்களாகக் கையெழுத்துப் போடாதீர்கள். "நீயே எழுதிக் குடு மக்கா" என்று ஊர்க்காரர் வற்புறுத்தினாலும்தான். செய்த வேலையைப் பதியும் லாக் புக்கில் டாக்டரின் கையெழுத்தை மட்டும் அன்றன்றைக்கே வாங்கிவிடுங்கள். கடைசி வாரத்தில் அவர் லீவில் போய்விடுவார்.