கெயின் திருகாணி வால்யூம் அல்ல

என் காரில் மாட்டிய முதல் சப்வூஃபர் (பாஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) ஒன்பது நாள்தான் உயிரோடு இருந்தது. பத்தாம் நாள் டிக்கியிலிருந்து வார்னிஷ் கருகும் வாடை வந்தது. கூம்பை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தேன்; உள்ளே 'கரக் கரக்' என்று உரசியது. கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் போயே போய்விட்டது. தப்பு முழுக்க என்னுடையது. ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) கெயின் திருகாணி பாதியில் நிற்கிறதே, மீதிப் பாதி வீணாகிறதே என்று கடைசிவரை திருகி வைத்திருந்தேன்.

கெயின் என்பது சத்தத்தைக் கூட்டும் குமிழ் இல்லை. ஹெட் யூனிட் (டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ) சிலவற்றில் 2 வோல்ட் சிக்னல் வரும், சிலவற்றில் 4 வோல்ட் வரும். எது வந்தாலும் ஆம்ப் தன் முழு சக்தியை எட்டும் இடத்தைப் பொருத்தி வைக்கத்தான் அந்தத் திருகாணி. அந்த இடத்தைத் தாண்டித் திருகினால் ஆம்பிடம் மேற்கொண்டு தர வோல்டேஜ் இல்லை. அலையின் தலையும் வாலும் வெட்டுப்படும். இதுதான் கிளிப்பிங். முழுக்க வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்ட அலை, அதே உயரமுள்ள சைன் அலையைவிட இரு மடங்கு வாட்டைக் காயிலுக்குள் தள்ளும். என் காயில் வெந்தது அப்படித்தான்.

கெயினுக்கு முன்னால் பொருத்தம் பார்க்க வேண்டும். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 'மேக்ஸ்' வாட்டை மறந்துவிடுங்கள். சப், ஆம்ப் இரண்டிலும் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ்., அதாவது சப் தொடர்ந்து தாங்கும், ஆம்ப் தொடர்ந்து தரும் வாட் மட்டும். ஆம்ப் உண்மை சொல்கிறதா என்று தெரிய அதன் உடம்பில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். ஒரே ஒரு 30 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால், 13.8 வோல்ட்டால் பெருக்க 414 வாட். சக்தியை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி வகை ஆம்ப் என்றால் அதில் 80 சதவீதம் வெளியே வரும் என்று வைத்துக்கொண்டாலும் சுமார் 330. பெட்டியில் 2000 என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

அடுத்தது ஓம், அதாவது சப் ஆம்புக்குக் காட்டும் மின்தடை. இரட்டைக் காயில் சப்பில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். 4+4 ஓம் சப்பை (ஒவ்வொரு காயிலும் 4 ஓம்) இணையாகக் கட்டினால் 2 ஓம், தொடராகக் கட்டினால் 8 ஓம். 2+2 என்றால் இணையாக 1, தொடராக 4. அதாவது ஒற்றை 2+2 சப்பை வாங்கிவிட்டு, இரண்டு காயிலையும் கட்டி 2 ஓம் வேண்டும் என்றால் நடக்காது. ஆகவே சப் வாங்கும்போதே ஆம்பின் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது என்னிடம் இருக்கும் ஆம்ப் 4 ஓமில் 300, 2 ஓமில் 500 வாட் தரும். சப் 500 வாட் ஆர்.எம்.எஸ்., 4+4. இணையாகக் கட்டினேன், ஜோடி சரியாக அமைந்தது. கையேட்டில் போட்டிருக்கும் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே மட்டும் போகவே கூடாது. ஆம்பின் இரண்டு சேனல்களைச் சேர்த்து பிரிட்ஜ் செய்தால் அந்தக் குறைந்தபட்சம் வேறாக இருக்கும். கட்டி முடித்ததும் மீட்டரை வைத்துப் பாருங்கள். 2 ஓம் சப் அதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும், பயப்பட வேண்டாம். 1-ஐ ஒட்டிக் காட்டினால்தான் எங்கோ தப்பாகக் கட்டியிருக்கிறீர்கள்.

ஆம்ப் சப்பைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் எனக்குச் சம்மதம்; கெயினில் அடக்கிவிடலாம். சிறிய ஆம்பை வாங்கிவிட்டு, போதவில்லை போதவில்லை என்று திருகிக்கொண்டே போகிறவர்கள்தான் காயிலைக் கருக்குகிறார்கள்.

இனி வோல்டேஜ் கணக்கு. வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 500 × 2 = 1000; வர்க்கமூலம் 31.6. மல்டிமீட்டரில் நான் பார்க்க வேண்டிய எண் அது. ஆம்பும் சப்பும் வேறு வேறு வாட் என்றால் சிறியதை வைத்துக் கணக்கிடுங்கள்.

சப் வயர்களை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். ஹெட் யூனிட்டில் ஈக்வலைசர் எல்லாம் சுழியம், லவுட்னஸ் அணைப்பு. ஆம்பில் பாஸ் பூஸ்ட்டும் சுழியம்: 6 டெசிபல் பூஸ்ட் என்றால் நான்கு மடங்கு வாட் கேட்கும். குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேலுள்ள ஒலியைத் தடுக்கும் லோ பாஸ் ஃபில்டரை உச்சத்துக்குத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் சோதனை ஒலியையே அது தின்றுவிடும். டேஷ்போர்டில் தனியாகப் பாஸ் குமிழ் இருந்தால் அதுவும் உச்சத்தில் இருக்கட்டும். கெயினை அடியோடு இறக்குங்கள்.

எஞ்சினை ஓடவிட்டு, 0 டெசிபலில் பதிவான 50 ஹெர்ட்ஸ் சைன் ஒலியைப் போடுங்கள். ஹெட் யூனிட் வால்யூம் முக்கால் பங்கு. 40 வரை போகும் என்றால் 30. மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றி ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் வைத்து, கெயினை மயிரிழை மயிரிழையாக ஏற்றுங்கள். எண் வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். என் ஆம்பில் திருகாணி மூன்றில் ஒரு பங்குகூடத் திரும்பவில்லை. பார்க்கையில் வயிறு எரிந்தது, என்ன செய்ய.

பாட்டு சற்றுக் குறைவாகக் கேட்கிறது என்று -5 டெசிபல் ஒலியை வைத்துக் கெயினை இன்னும் மேலே அமைப்பவர்களும் உண்டு. பதிவுகள் எப்போதும் உச்சத்திலேயே இருப்பதில்லை என்பது அவர்கள் கட்சி. ஒரு காயிலைக் கருக்கியவன் என்பதால் நான் 0-ஐ விட்டு நகர்வதில்லை.

ஆம்பை அணைத்துவிட்டு சப்பைத் திரும்ப மாட்டுங்கள். லோ பாஸை 80 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவாருங்கள். துளையுள்ள பெட்டி என்றால், அது ட்யூன் ஆன அதிர்வெண்ணுக்குச் சில ஹெர்ட்ஸ் கீழே மிகத் தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் சப்சானிக் ஃபில்டரை வையுங்கள். ஃபேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் போட்டு, ஓட்டுநர் இருக்கையில் எதில் பாஸ் கனமாகக் கேட்கிறதோ அதில் விடுங்கள்.

கடைசியாகத் திருகாணியின் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்தேன். வேறு யாராவது திருகினால் அது விரிசல் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். நானே திருகினாலும்தான்.