மீட்டிங்கைக் கெடுப்பவரிடம் நாம் செய்யும் தவறுகள்

ஒருவரே அரை மணி நேரம் பேசுகிறார், மற்றவர்கள் லேப்டாப்பில் மெயில் பார்க்கிறார்கள். இதற்கு மேனேஜர்கள் வழக்கமாகச் செய்வது, மறுநாள் டீம் முழுக்கப் பொதுவாக ஒரு மெயில்: "மீட்டிங்கில் அனைவரும் சுருக்கமாகப் பேசவும்." தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். யாரை மனதில் வைத்து எழுதினீர்களோ அவருக்கு அது தன்னைப் பற்றியது என்றே தோன்றாது. ஏற்கெனவே தயங்கித் தயங்கிப் பேசும் புதியவர்தான் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வாயே திறக்கமாட்டார்.

சம்பந்தப்பட்டவரிடமே, தனியாக, அன்றைக்கே சொல்லுங்கள். அதிலும் "நீங்க யாரையும் பேச விடறதில்ல" என்று ஆளை எடைபோட்டால் சண்டைதான் வரும். நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: "டெஸ்டிங் தேதி பத்தி அவங்க சொல்லிட்டிருந்தப்ப ரெண்டு தடவை குறுக்கே பேசிட்டீங்க சார், அவங்க சொல்ல வந்தது கடைசிவரைக்கும் வரவே இல்ல."

எல்லார் முன்னாலும் மூக்கை உடைப்பதும் வேண்டாம். அப்புறம் அவர் தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பேசுவார், விஷயம் அங்கேயே செத்துவிடும். அதற்காகக் குறுக்கே பேசும்போது சும்மா இருக்கவும் கூடாது. "அவங்க முடிக்கட்டும் சார், அடுத்து உங்ககிட்ட வர்றேன்" என்றால் போதும், ஆனால் சொன்னபடி அவரிடம் திரும்பி வர வேண்டும்.

விதி எதுவும் வைக்காமல் ஆட்களின் நல்ல குணத்தை மட்டும் நம்புவது இன்னொரு தவறு. அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி ராபர்ட் 1876-இல் தொகுத்து வெளியிட்ட கூட்ட விதிகளிலேயே இதற்கு வழி இருக்கிறது: இன்னும் பேசாத ஒருவர் பேச விரும்பினால், ஏற்கெனவே பேசியவர் காத்திருக்க வேண்டும். நம் ஆபீஸ்களுக்கு இந்த ஒரு விதியே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

எதிர்த்துப் பேசுகிறவரையெல்லாம் தொல்லை என்று முத்திரை குத்துவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. "இந்தத் தேதிக்குள்ள முடியாது" என்பவரிடம் எங்கே இடிக்கிறது என்று கேளுங்கள், பதிலைப் போர்டில் எழுதுங்கள். மொத்த அறையும் தலையாட்டுவதுதான் ஆபத்து.

ஆனால் சாதியைக் குத்திப் பேசுவது, பெண்களிடம் ஆபாசமாகப் பேசுவது இதெல்லாம் "அவர் சுபாவமே அப்படித்தான்" என்று விடுகிற விஷயமே இல்லை. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும் என்கிறது பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் இந்தியாவின் 2013 சட்டம். பாதிக்கப்பட்ட பெண்ணிடம் "கண்டுக்காதீங்க" என்று சொல்லாதீர்கள், புகார் கொடுக்க உதவுங்கள்.