மதப்போர்க் காலப் பிரெஞ்சு அரசவையைக் குழப்பமின்றிப் படிப்பது எப்படி?

1562 முதல் 1598 வரை பிரான்சை உலுக்கிய மதப்போர்களைக் கத்தோலிக்கர் ஒருபுறம், ஹியூகனாட்டுகள் எனப்பட்ட சீர்திருத்தக் கிறித்தவர் மறுபுறம் என்று மட்டும் பிரித்துக்கொண்டு படிப்பவர், கத்தோலிக்க மன்னரே கத்தோலிக்கத் தலைவரைக் கொல்லச் செய்யும் 1588ஆம் ஆண்டுக்கு வரும்போது திகைத்துப்போவார். முதலில் குடும்பம், அடுத்துப் பதவி, அதன்பின் சமயம் என்ற வரிசையில் படித்தால் இந்தத் திகைப்பு எழாது. இரு தரப்பிலும் நம்பிக்கைக்காக உயிரைக் கொடுத்தவர்கள் இருந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை; ஆனால் யார் யாருக்கு எதிராக எப்போது வாளெடுத்தார் என்பதைச் சமயம் மட்டும் சொல்லிவிடாது.

ஒரு பெரிய தாளில் வலுவா, கீஸ், பூர்போன், மோமொரான்சி என நான்கு குடும்பங்களுக்கு இடம் ஒதுக்குங்கள். நடுவில் அரச குடும்பமான வலுவா. மன்னர் இரண்டாம் ஹென்றி 1559இல் ஈட்டிப் போட்டியொன்றில் காயமுற்று இறந்தார். அவர் விட்டுச்சென்ற ஆண் பிள்ளைகளில் மூத்தவருக்கே 15 வயதுதான். அந்த மூத்தவரான இரண்டாம் பிரான்சுவாவின் மனைவி மேரி ஸ்டூவர்ட். அவருடைய தாய்மாமன்மார்தாம் கீஸ் கோமகன் பிரான்சுவாவும் லொரேன் கர்தினால் சார்லும். ஆட்சி அவர்கள் கைக்குப் போனது இந்த உறவால்தான். மறுபக்கம், மூத்த படைத்தலைவர் ஆன் தெ மோமொரான்சி கத்தோலிக்கர். ஆனால் ஹியூகனாட்டுகளின் தலைவராக உயர்ந்த கடற்படைத் தளபதி கொலிஞிக்கு அவர் தாய்மாமன். பூர்போன்கள் அரச இரத்தத்தைச் சேர்ந்த இளவரசர்கள்; அண்ணன் அந்துவான் பிரான்சின் தெற்கு எல்லையிலிருந்த சிறு நாடான நவாரின் மன்னர், கடைசித் தம்பி கோந்தே ஹியூகனாட் படைகளை நடத்தியவர், இடையில் பிறந்த இன்னொருவர் கத்தோலிக்கக் கர்தினால். ஒரே வீட்டில் இரு சமயம் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு பெயரின் அருகிலும் பதவியையும் அது கைமாறிய ஆண்டையும் எழுதுங்கள். அரசவையில் பதவி என்பது வருமானம். நம்பி வந்த சிறு பிரபுக்களுக்கு வேலையும் மானியமும் வாங்கித்தரும் வல்லமை. அது போனால் ஆதரவாளர்களும் போய்விடுவார்கள். 1559இல் அரச இல்லத்தின் தலைமை நிர்வாகப் பதவியை மோமொரான்சியிடமிருந்து பெற்றுக் கீஸ் கோமகனுக்குக் கொடுத்தது மோமொரான்சி வீட்டுக்கு எத்தகைய அடி என்பது இதனால் விளங்கும். இரண்டாம் ஹென்றியின் மகனான மூன்றாம் ஹென்றி காலத்தில் ழுவாயேஸ், எபெர்னோன் என்ற இரு இளைஞர்கள்மீது பதவிகள் பொழியப்பட்டபோது பழைய குடும்பங்கள் கொதித்ததற்கும் காரணம் இதுவே.

பெயர்களில் ஒரு கண்ணி உண்டு. பட்டம் ஒருவருடையதாகவே இருப்பதில்லை. 1563க்குப் பின் ‘கீஸ் கோமகன்’ என்றால் மகன் ஹென்றி. 1569க்குப் பின் ‘கோந்தே’ என்றாலும் மகன்தான். ‘ஆஞ்சு கோமகன்’ என்பவர் 1572இல் பின்னாளைய மூன்றாம் ஹென்றி; 1576 முதல் அவருடைய தம்பி பிரான்சுவா. எனவே பட்டத்தோடு ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

அதன்பின் பழிக்குப் பழி தொடர்ந்த கோடு ஒன்றைச் சிவப்பு மையில் வரையுங்கள். இந்த வரலாற்றின் முதுகெலும்பு அதுதான் என்பது என் கருத்து. 1563இல் ஓர்லியான் முற்றுகையின்போது கீஸ் கோமகன் பிரான்சுவா சுடப்பட்டு இறந்தார். சித்திரவதைக்கு உள்ளான கொலையாளி கொலிஞியின் பெயரைச் சொன்னார். ஏவவில்லை என்று மறுத்த கொலிஞி, அந்தச் சாவு நாட்டுக்கு நன்மை என்று வெளிப்படையாகவே எழுதினார். அப்போது மகன் ஹென்றிக்கு 12 வயது. 1566இல் மூலேன் நகரில் அரச அவை கொலிஞி குற்றமற்றவர் என்று அறிவித்து இரு வீட்டாரையும் தழுவச் செய்தது, பகை ஆறவில்லை. 1572 ஆகஸ்ட் 18 அன்று அந்துவானின் மகன் நவார் ஹென்றிக்கும், அப்போது மன்னராக இருந்த ஒன்பதாம் சார்லின் தங்கை மார்கரீத்துக்கும் திருமணம். 22 அன்று கொலிஞிமீது துப்பாக்கிச் சூடு. 24 அன்று விடியுமுன் கொலிஞியைக் கொன்ற ஆட்களுடன் கீஸ் ஹென்றியே நேரில் நின்றார். அன்று தொடங்கிய புனித பர்த்தலோமேயு படுகொலையில் ஆயிரக்கணக்கான ஹியூகனாட்டுகள் மாண்டார்கள். மன்னரும் அவருடைய தாய் கத்தரீனும் எவ்வளவு பொறுப்பு என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் உடன்படவில்லை. ஆகவே அந்த இடத்தில் ஒரே விளக்கத்தைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

1584இல் மன்னர் மூன்றாம் ஹென்றியின் கடைசித் தம்பி இறந்தபோது வாரிசு ஹியூகனாட்டான நவார் ஹென்றி. கீஸ் தலைமையிலான கத்தோலிக்கக் கூட்டணி அவருக்கு எதிராக நிறுத்தியது அவருடைய சிற்றப்பாவான கர்தினால் பூர்போனையே. 1588 மே மாதம் பாரிஸ் மக்கள் கீஸுக்காகத் தெருக்களை மறிக்க, மன்னர் தலைநகரை விட்டு வெளியேறினார். டிசம்பர் 23 அன்று புளுவா கோட்டையில் கீஸைக் கொல்லச் செய்தார். அடுத்த ஆகஸ்டில் மன்னரும் ஒரு துறவியின் கத்திக்கு இரையானார்.

கடைசிப் பகுதியைப் படிக்கும்போது மீண்டும் பதவிப் பட்டியலுக்குத் திரும்புங்கள். நான்காம் ஹென்றி என்ற பெயரில் மன்னரான நவார் ஹென்றி 1593இல் கத்தோலிக்கரானார் என்பது எல்லா நூலிலும் இருக்கும். அதே ஆண்டு மோமொரான்சியின் மகனுக்குத் தந்தையின் படைத்தலைமைப் பதவியை அளித்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எதிர்த்த பிரபுக்களை அவர் பணத்தாலும் பதவியாலும் ஒவ்வொருவராகத் தம் பக்கம் இழுத்தார். பிரான்சின் மேற்கு மாகாணமான பிரித்தானியில் கடைசிவரை நின்ற மெர்க்கேர் கோமகன் 1598இல் பணிந்தபோது, அவருடைய மகள் மன்னரின் மகனுக்கு நிச்சயிக்கப்பட்டாள். ஹியூகனாட்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்த நான்ட் ஆணை பிறந்தது அதே ஆண்டு ஏப்ரலில், அதே பிரித்தானியில்.