ஃப்ரோம்போர்க்: கோப்பர்நிக்கஸின் ஊரைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போலந்தின் வடக்கே, ரஷ்யாவின் கலினின்கிராட் எல்லைக்கு அருகில் உள்ள ஃப்ரோம்போர்க், மூவாயிரம் பேர்கூட வசிக்காத சிற்றூர். அங்கே காணும் எதையும் வானியலாளர் கோப்பர்நிக்கஸின் கணக்கில் எழுதிவிடும் பழக்கத்திலிருந்தே அவ்வூரைப் பற்றிய பிழைகள் பெரும்பாலும் பிறக்கின்றன.

அவர் பிறந்த ஊர் இதுவன்று. 1473-இல் அவர் பிறந்தது டோருன் நகரில். வார்மியா மறைமாவட்டப் பேராலயக் குழுவின் உறுப்பினராக 1510 வாக்கில் இங்கு குடியேறியவர், இடையில் ஓல்ஷ்டினில் கழித்த சில ஆண்டுகள் நீங்கலாக, 1543-இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். பேராலய மதிலின் வடமேற்கு மூலையில் உள்ள கோபுரம் அவருக்கு உரிமையாக இருந்தது உண்மையே. ஆனால் அதன் உச்சியில் நின்று தொலைநோக்கியால் வானத்தை ஆராய்ந்தார் என்று எழுதுவது இருமடங்கு தவறு. தொலைநோக்கி வந்தது அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு. மூன்று மரச்சட்டங்களை இணைத்து, அளவுகளை மையால் கோடிட்டுக் குறித்த எளிய கருவி ஒன்றையே அவர் பயன்படுத்தினார். அதையும் மதிலுக்கு வெளியே இருந்த தம் வீட்டருகே சமன்படுத்திய தளத்தில் வைத்தே நோக்கியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஊரின் பழைய நீரேற்றுக் கோபுரத்தையும் அவரே கட்டினார் என்றொரு கதை உண்டு. அதுவோ அவர் இறந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் எழுந்தது.

ஊர் திறந்த பால்டிக் கடலின் கரையில் இல்லை, விஸ்துலா காயலின் கரையில் உள்ளது. காயலுக்கும் கடலுக்கும் நடுவே நீண்ட மணல்திட்டு கிடக்கிறது. 2022-இல் போலந்து அதன் குறுக்கே கால்வாய் வெட்டும்வரை, கப்பல்கள் கடலை அடைய ரஷ்யப் பகுதியில் உள்ள நீரிணை ஒன்றே வழியாக இருந்தது.

ஆண்டைக் குறிப்பிடாமல் இதை ஜெர்மானிய ஊர் என்றோ, என்றென்றும் போலந்தின் ஊர் என்றோ எழுதலாகாது. 1466-இன் டோருன் உடன்படிக்கையால், இவ்வூர் அடங்கிய வார்மியா போலந்து மன்னரின் ஆளுகைக்குள் வந்தது. 1772-இல் பிரஷ்யா எடுத்துக்கொண்டது. ஃப்ரௌவன்பர்க் என வழங்கிய ஊர் 1945-இல் மீண்டும் போலந்திடம் சேர்ந்தது. அவ்வாண்டுப் போரில் ஊரின் பெரும்பகுதி இடிந்துபோனதால், குன்றின் மேலுள்ள 14-ஆம் நூற்றாண்டுச் செங்கல் பேராலயத்தை வைத்துக் கீழே உள்ள தெருக்களையும் இடைக்காலத்தவை என்று எண்ணிவிடக் கூடாது. 1973-இல் வந்த கோப்பர்நிக்கஸின் ஐந்நூறாம் ஆண்டை முன்னிட்டுச் சாரண இளைஞர்கள் இங்கு வந்து சீரமைப்பு வேலை செய்தனர்.

அவருடைய கல்லறை எங்கென்று தெரியாது என்னும் வரி பழைய நூல்களிலிருந்து இன்றும் படியெடுக்கப்படுகிறது. 2005-இல் பேராலயத் தரைக்கு அடியில் எலும்புகள் கிடைத்தன. 1626-இல் சுவீடன் படையினர் இங்கிருந்து கவர்ந்துசென்ற நூல்களுள், அவர் பயன்படுத்திய ஒன்று சுவீடனின் உப்சாலா நகரில் இருந்தது. அதன் தாள்களுக்கிடையே சிக்கியிருந்த முடிகளின் மரபணு அவ்வெலும்புகளோடு பொருந்தியது. 2010 மே மாதம் அவை அதே பேராலயத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன.