மதுரைல இருந்து அருவிக்குப் போறீங்களா, மொதல்ல மலையப் பாருங்க

மதுரைல ஒரு மழை அடிச்சாப் போதும், "கும்பக்கரைல தண்ணி விழுகுதா, குற்றாலம் போலாமா"ன்னு போன் வர ஆரம்பிச்சிரும். கேக்குற எல்லார்ட்டயும் நான் திருப்பிக் கேக்குறது ஒன்னுதான், அந்த அருவிக்குத் தண்ணி எந்த மலைல இருந்து வருதுன்னு தெரியுமா? அது தெரிஞ்சா எப்பப் போகணும், எங்க நிக்கணும், எப்ப எந்திரிச்சு வரணும் எல்லாமே பிடிபட்டுரும். தெரியலன்னா ஒன்னு காஞ்ச பாறையப் பாத்துட்டு வருவீங்க, இல்ல அதைவிட மோசமா ஏதாச்சும் ஆகும்.

மாசத்த வச்சு சொல்றேன். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் நம்ம ஊருல அனல் காத்துதான், ஆனா அதே நேரம் தென்மேற்கு மழை மேற்குத் தொடர்ச்சி மலைல பேஞ்சு, ஆரியங்காவு கணவாய் வழியா சாரல் இங்கிட்டு தென்காசிப் பக்கம் வரும், அதான் குற்றாலம் சீசன். மாட்டுத்தாவணில பஸ் ஏறலாம், இல்ல செங்கோட்டை ரயில்ல போயி தென்காசில எறங்கிக்கலாம். மேகமலைல மழை இருந்தா அப்ப கம்பம் பக்கம் இருக்குற சுருளி அருவிலயும் தண்ணி வரும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வடகிழக்கு மழை, அப்ப கும்பக்கரை, சிறுமலை அடிவாரம், அழகர்மலை, கொடைக்கானல் எல்லாம் நெறைஞ்சிரும். ஆனா நடக்குறதுக்கு எனக்குப் புடிச்சது டிசம்பர் கடைசி, ஜனவரி மொத ரெண்டு வாரம்தான். மழை நின்னுருக்கும், தண்ணி நிக்காது, பாதைல சகதி காஞ்சிருக்கும், வானம் தெளிவா இருக்கும்.

மழை நின்னும் தண்ணி எப்பிடி வருதுன்னு கேட்டா அதுக்கு கொடைக்கானல் மேல போயி பாக்கணும். அங்க மலை உச்சில புல்வெளி, அந்தப் புல்வெளிக்கு நடுவுல பள்ளம் பள்ளமா இருக்குற எடத்துல மட்டும் குட்டை குட்டையா நெருக்கமா மரம், அதுதான் சோலைக்காடு. மழைத் தண்ணிய புல்லு வேரும் சோலைக்குள்ள மக்கிக் கெடக்குற இலையும் ஸ்பாஞ்சு மாதிரி உறிஞ்சி வச்சுக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா மாசக்கணக்குல ஓடைல விடும். பல எடத்துல அந்தப் புல்வெளிய அழிச்சு வாட்டில், பைன், யூகலிப்டஸ் நட்டுட்டாங்க, பைன் காடு போட்டோவுக்கு அழகா இருக்கலாம், ஆனா உள்ள நடந்து பாருங்க, தரை ஊசி இலையா காஞ்சு கெடக்கும், ஒரு ஓடைச் சத்தம் கேக்காது. சோலைக்குள்ள காலு வச்ச உடனே குளுரும். அந்த வித்தியாசத்த ஒரு தடவ காலால உணர்ந்துட்டா அப்புறம் எந்த அருவியப் பாத்தாலும் கண்ணு தானா மேல போகும்.

அதுக்கு நல்ல பாதை கொடைக்கானல்கிட்ட வட்டக்கானல்ல இருந்து டால்பின் நோஸுங்குற பாறை முனைக்கு எறங்குறது. வட்டக்கானல் அருவியும் அங்கயே பக்கத்துலதான் இருக்கு. மர வேரு எல்லாம் வெளிய பொடச்சுக்கிட்டு படிக்கட்டு மாதிரி கெடக்கும், எறங்கும்போது சுகம், ஏறும்போது மூச்சு வாங்கும், வயசானவங்களக் கூட்டிட்டுப் போனா நேரத்த டபுளா கணக்குப் போட்டுக்கங்க. அதே பாதை கீழ வெள்ளகவி கிராமத்துக்குப் போயி, அங்க இருந்து கும்பக்கரை வரைக்கும் எறங்குது, ரோடு வர்றதுக்கு முன்னாடி பெரியகுளத்துல இருந்து கொடைக்கானலுக்கு ஏறுன பழைய வழி அதுதான். வெள்ளகவி ஊருக்குள்ள செருப்பு போட மாட்டாங்க, நீங்களும் கழட்டிக் கைல எடுத்துக்கங்க. ஆனா வெள்ளகவி தாண்டி நீங்களா எறங்காதீங்க. 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீல 23 பேரு செத்ததுக்கு அப்புறம் காட்டுக்குள்ள நடக்க வனத்துறை அனுமதி கட்டாயம் வேணும். இப்ப அரசே 2024 அக்டோபர்ல இருந்து ட்ரெக் தமிழ்நாடுன்னு ஆன்லைன்ல புக் பண்ற மாதிரி 40 பாதை தொறந்துருக்கு, கைடு கூட வருவாரு. கோடைல தீ பயத்துக்காக மூடிருவாங்க, அதையும் பாத்துக்கங்க. கொடைக்கானலுக்கு வண்டில போறவங்க இ-பாஸ் எடுக்க மறந்துறாதீங்க, 2024 மே மாசத்துல இருந்து அது இல்லாம விட மாட்டாங்க.

இப்ப முக்கியமான விசயம், கும்பக்கரை.

அரப்பாளையத்துல பெரியகுளம் பஸ் ஏறி, அங்க இருந்து ஆட்டோ பிடிச்சாப் போதும், எட்டு ஒம்பது கிலோமீட்டர்தான். மேல வட்டக்கானல், பாம்பார்புரம் பக்கம் பேயுற மழைதான் பாம்பாறு வழியா இங்க வந்து விழுகுது. அதாவது நீங்க கும்பக்கரைல வெயில்ல நின்னுக்கிட்டு இருப்பீங்க, மேல உங்க கண்ணுக்குத் தெரியாத எடத்துல ஒரு மணி நேரம் கொட்டியிருக்கும், அது எறங்கி வரும்போது இங்க ஒரு சொட்டு மழை இருக்காது. ஒரு தடவ நாங்க குடும்பத்தோட பாறைல உக்காந்து புளியோதரைப் பொட்டலத்தப் பிரிக்கும்போது, பக்கத்துல துணி அலசிக்கிட்டு இருந்த ஒரு அம்மா "தம்பி, தண்ணி கலங்குது, பிள்ளைகளத் தூக்கிட்டு மேல ஏறு"ன்னாங்க. பாத்தா கண்ணாடி மாதிரி இருந்த தண்ணி லேசா டீ கலருக்கு மாறியிருந்துச்சு, அவ்வளவுதான், வேற ஒன்னுமே இல்ல. ஏறுனோம். பொட்டலத்த எடுக்கக் கூட நிக்கல. கொஞ்ச நேரத்துல நாங்க உக்காந்திருந்த பாறை தண்ணிக்குள்ள இருந்துச்சு. அந்த அம்மா பேரு கூட நான் கேக்கல, இன்னைக்கும் அது மனசுல கெடக்கு.

அதனால இத மனப்பாடமா வச்சுக்கங்க. தண்ணி நெறம் மாறுனா, சருகும் சுள்ளியும் மொத்தமா மெதந்து வந்தா, சத்தம் கனத்து ஒரு மாதிரி உறுமுனா, பாறைல ஈரக்கோடு முன்ன இருந்ததவிட ஒரு சாண் மேல ஏறுனா, உடனே கரைக்கு வாங்க. அக்கரைல வண்டி நிக்குதுன்னு ஆத்தக் கடக்காதீங்க, எந்தக் கரை பக்கமோ அந்தக் கரைலயே மேடு பாத்து ஏறுங்க, எதுத்த கரைல மாட்டுனாலும் பரவாயில்ல, தண்ணி வடியுற வரைக்கும் உக்காந்திருக்கலாம். ஆத்துக்கு நடுவுல இருக்குற பாறைல பிள்ளைகள உக்கார வைக்கவே வைக்காதீங்க, தண்ணி கம்மியா இருந்தாலும் சரி. கும்பக்கரைல தண்ணி கொடைஞ்ச குழிகளுக்கு யானை கெஜம், குதிரை கெஜம், பாம்பு கெஜம்னு பேரு இருக்கு, பாக்க சின்னதா அமைதியா இருக்கும், உள்ள ஆழம், ஓரம் பூரா வழுக்கும், நீச்சல் தெரிஞ்சவங்களே மாட்டியிருக்காங்க. வனத்துறை கயிறு கட்டியிருக்குற எடத்துக்கு அங்கிட்டு போகவே வேணாம். சீசன் இல்லாத நேரம்னும் நம்பக் கூடாது, 2024 மே 17 அன்னைக்கு பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தன் போயிட்டான், அது சீசன் ஆரம்பிக்காத மாசம்.

சுருளி வேற மாதிரி. கேட்ல இருந்து அருவிக்கு காட்டு வழியா நடந்துதான் போகணும், அந்த நடையே நல்லா இருக்கும், ரெண்டு பக்கமும் பெரிய பெரிய மரம். மேகமலையும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சேந்து 2021ல புலிகள் காப்பகமாச்சு, யானை பாதைக்கு வந்துட்டா அன்னைக்கு கேட்ட அடைச்சிருவாங்க. அம்புட்டு தூரம் வந்துட்டோமேன்னு வாக்குவாதம் பண்ணாதீங்க, அது யானை வீடு. கம்பம் வரைக்கும் வந்ததுக்கு பன்னீர் திராட்சை வாங்கிட்டுத் திரும்புங்க. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு திதி குடுக்குற கூட்டம் நெறைய இருக்கும், நடக்க மட்டும் போறவங்க அந்த நாள விட்ருங்க.

நடக்கத் தெம்பு இல்லாதவங்களுக்கு தலையாறு அருவி. வத்தலக்குண்டுல இருந்து கொடைக்கானல் ஏறும்போது டம்டம் பாறைக்கிட்ட வண்டிய நிறுத்துனா எதுத்த மலைல வெள்ளைக் கயிறு தொங்குற மாதிரி தெரியும், 975 அடி, தமிழ்நாட்டுலயே ஒசரமான அருவி, எலிவால் அருவின்னும் சொல்லுவாங்க. காலைல போங்க, மதியத்துக்கு மேல மேகம் மூடிரும். மேல வெள்ளி அருவி ரோட்டோரமே இருக்கு, ஆனா அது கொடைக்கானல் ஏரில வழியுற தண்ணி, பாக்கலாம், வாய்ல வைக்க வேணாம்.

மதுரைய விட்டு ரொம்ப தூரம் போக முடியாதுன்னா அழகர்கோவில். கீழ கோயில்ல இருந்து பழமுதிர்ச்சோலை தாண்டி நூபுர கங்கை வரைக்கும் மினி பஸ்ல ஏறாம நடங்க, காட்டுக்குள்ள மூணு கிலோமீட்டர் சொச்சம், பிள்ளைகளுக்கு மலை ஏறிப் பழக்க இதவிட நல்ல எடம் கெடையாது. மேல நூபுர கங்கைத் தண்ணில குளிச்சிட்டு கீழ வந்து கோயில் தோசை சாப்பிட்டா அன்னைக்குப் பொழுது நெறைஞ்சிரும். வாடிப்பட்டி பக்கம் குட்லாடம்பட்டி இன்னும் அழகான எடம், 2018 கஜா புயல்ல படி, கைப்பிடி எல்லாம் அடிச்சிட்டுப் போயி ரொம்ப நாள் மூடிக் கெடந்துச்சு, வாடிப்பட்டில விசாரிச்சுட்டு அப்புறம் போங்க. அருவியும் கடலும் ஒரே நாள்ல வேணும்னா கன்னியாகுமரி மாவட்டம்தான், காலைல திற்பரப்பு, பொழுது சாய கடற்கரை.

சாமான் ரொம்ப வேணாம். ஹவாய் செருப்பு மட்டும் வேணாம், பாசி புடிச்ச பாறைல அது சோப்பு மாதிரி, பின்னாடி வார் வச்ச செருப்பு போதும். சோலைக்குள்ள மழைக்காலத்துல அட்டை ஏறும், ஒரு சின்ன துணில உப்பு முடிஞ்சு வச்சு நனைச்சு அது மேல தொட்டா விழுந்துரும், பிச்சு இழுக்காதீங்க. மாத்துத் துணிய பிளாஸ்டிக் கவர்ல இல்லாம துணிப்பைல வச்சு முதுகுல மாட்டுங்க, கைல கவர் தொங்குனா கொரங்கு அதுல சாப்பாடுன்னு நெனைச்சுப் புடுங்கிரும். கொடைக்கானல்ல சின்ன பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு அபராதமே உண்டு, வீட்டுல இருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்க.

சோப்பு, ஷாம்பு, எண்ணெய் பாக்கெட்ட மட்டும் வீட்டுலயே வச்சிருங்க, கெஞ்சிக் கேக்குறேன். கும்பக்கரைத் தண்ணி வராக நதில சேந்து வைகைக்கு வருது, சுருளித் தண்ணியும் முல்லையாத்தோட சேந்து வைகைக்குத்தான் வருது, தலையாறு விழுந்து மஞ்சளாறா ஓடி அதுவும் வைகைதான். அங்க நீங்க நுரைய விட்டா அது வேற யார் வீட்டுக்கோ போகல, வைகை வழியா நம்ம பக்கம்தான் வருது.

வெள்ளன கெளம்புங்க, அஞ்சரை மணி பஸ்ஸப் புடிச்சா எட்டு மணிக்குள்ள பெரியகுளம், கூட்டம் வர்றதுக்கு முன்னாடி அருவிச் சத்தத்த மட்டும் தனியாக் கேக்கலாம். மலைல மதியத்துக்கு மேலதான் பெரும்பாலும் இடி மழை கட்டும், அதனால ரெண்டு மணிக்கெல்லாம் தண்ணிய விட்டு வெளிய வந்துருங்க. மேல மலை முகட்டுல கருப்பா மேகம் எறங்குச்சுன்னா ரெண்டு மணி வரைக்கும் கூட நிக்க வேணாம்.