கொங்கா வித்வான் வாசிக்கும்போது இடது கையைப் பாருங்கள்

கொங்கா என்பது கையால் வாசிக்கும் உயரமான கியூபா டிரம். கொங்கா வித்வான்கள் வாசிக்கும் சால்சா (கியூபா இசையின் வழிவந்த நடன இசை) பயிற்சிப் பட்டறைக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறீர்களா? அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். நல்ல நாற்காலி கிடைக்கும் என்பது ஒரு காரணம். சுருதி சேர்ப்பதைப் பார்க்கலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம். நான் நியூஜெர்சியில் வசிப்பவன். சிறு வயதில் மிருதங்கம் கற்ற பழக்கம் விடவில்லை. நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் இப்படிப்பட்ட பட்டறை எது நடந்தாலும் ரயிலேறிவிடுவேன். அங்கே வரும் கூட்டத்தில் பாதி, தனி வாசிப்பு தொடங்கும் நேரத்துக்குத்தான் உள்ளே நுழைகிறது, கச்சேரிக்குத் துக்கடா நேரத்தில் வருகிறவர்களைப் போல. அவர்கள் தவறவிடுவது கொஞ்சநஞ்சமல்ல.

கொங்காவின் பக்கவாட்டில் ஐந்து அல்லது ஆறு உலோகக் கொக்கிகள் தோலின் வளையத்தைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும். வித்வான் ஸ்பானரை எடுத்து ஒவ்வொரு மரையாகக் கால் சுற்று, அரைச் சுற்று என்று சுற்றிவருவார். ஒரே மரையை முழுதாக முறுக்கினால் தோலின் இழுப்பு ஒரு பக்கமாகப் போய்விடும். நான் பார்த்த முதியவர் ஒருவர் நடுவிரலில் வெள்ளைப் பிளாஸ்டர் சுற்றியிருந்தார். ஒவ்வொரு திருகலுக்கும் பிறகு ஒரே ஒரு அடி அடிப்பார், அந்தச் சுருதியை வாய்க்குள் முனகிப் பார்ப்பார், தலையை ஆட்டிவிட்டு அடுத்த மரைக்குப் போவார். வெவ்வேறு அளவில் வைத்திருக்கும் டிரம்களில், நடு டிரம்முக்கும் பெரிய டிரம்முக்கும் இடையே பலரும் வைப்பது ச–ம இடைவெளி. அதைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டால், பாட்டின் நடுவே பெரிய டிரம் நுழையும் இடத்தை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. மரை வராத காலத்தில் தோலை ஆணியடித்துப் பொருத்தியிருந்தார்கள். தளர்ந்தால் நெருப்பில் காட்டிச் சூடேற்றுவார்கள். ஹவானாவிலிருந்து நியூயார்க் வந்த கார்லோஸ் 'பத்தாத்தோ' வால்டேஸ், மரை வைத்த கொங்கா பரவியதில் முக்கியப் பங்குள்ளவர். பல டிரம்களை வெவ்வேறு சுருதியில் வைத்துக்கொண்டு மெட்டையே வாசித்துக் காட்டுவார்.

இடம் பிடிப்பதற்கு வருகிறேன். வித்வான் வலது கைப் பழக்கம் உள்ளவர் என்றால் பிரதான டிரம் அவர் கால்களுக்கு நடுவிலும், தும்பா எனப்படும் பெரிய டிரம் பெரும்பாலும் அவருடைய வலது பக்கத்திலும் இருக்கும். ஆகவே அவருக்கு இடப்புறமாக, சற்றுக் கோணலாக உட்காருங்கள். டிரம்மின் உயரம் சுமார் 75 சென்டிமீட்டர். நேர் எதிரே முதல் வரிசையில் உட்கார்ந்தால் மரத்தையும் வார்னிஷையும்தான் பார்க்கலாம். தோலின் மேல் நடப்பது தெரியாது. மேடை உயரமாக இருந்தால் பின்னால் போய் நின்றுகொள்வதே மேல். டிம்பாலே என்னும் உலோக டிரம் ஜோடியை வாசிப்பவர் பக்கத்தில் இடம் கிடைத்திருந்தால் காதடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். அவர் குச்சியால் தட்டும் கௌபெல் மணியின் ஓசை மறுநாள் காலை வரை காதை விட்டுப் போகாது.

அடிகளின் பெயர்களைப் பட்டறையின் தொடக்கத்திலேயே சொல்லித்தந்துவிடுவார்கள். நீங்கள் கையின் உருவத்தைக் கவனியுங்கள். திறந்த அடிக்கு நான்கு விரல்களும் சேர்ந்து விளிம்பருகே விழுந்து உடனே எழும். ஸ்லாப்புக்கு உள்ளங்கை லேசாகக் குழிந்து, விரல் நுனிகள் சுண்டி இறங்கும். இரண்டிலும் கை விழும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான்; வெளிவரும் ஒலியோ முற்றிலும் வேறு. நடுத்தோலில் உள்ளங்கை விழுந்தால் அடித்தொனி. உட்கார்ந்து வாசிப்பவர்கள் இந்த அடிக்காகவே டிரம்மை முன்பக்கம் சாய்த்து அடிவாயைத் திறந்துவைப்பார்கள். தரையில் ஒட்டி நின்றால் அந்த ஒலி உள்ளேயே அடைபட்டுவிடும்.

அடுத்தது மார்ச்சா, கொங்காவில் விடாமல் ஓடும் அடிப்படை நடை. தும்பாவ் என்றும் சொல்வார்கள். சர்வலகு வாசிப்பதற்கு அங்கே ஈடாக இருப்பது இதுதான். நான்கு எண்ணிக்கையை எட்டாகப் பிரித்துக்கொண்டால் வரிசை இப்படி வரும்: இடக்கையின் அடிப்பகுதி, இட விரல் நுனி, வலக்கை ஸ்லாப், இட விரல் நுனி, மறுபடி இடக்கையின் அடிப்பகுதி, இட விரல் நுனி, கடைசியில் வலக்கையால் இரண்டு திறந்த அடிகள். எட்டில் ஐந்து இடது கையினுடையவை. அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்பதோ வலது கையின் மூன்று அடிகள் மட்டும்! இந்த ஐந்தைத்தான் பார்க்க வேண்டும் என்கிறேன். தேர்ந்தவரின் இடது கை தோலைவிட்டு மேலே எழுவதே அபூர்வம். அடிப்பகுதி இறங்கும்போது நுனி எழும், நுனி இறங்கும்போது அடிப்பகுதி எழும். முழங்கை அசையாது, தோளும் அசையாது. வேகம் கூடியதும் கற்றுக்குட்டிகளிடம் முதலில் நின்றுபோவது இந்தக் கை. வலது கையின் அடிகள் முன்னே ஓடத் தொடங்கும். வித்வானிடம் அந்த ஐந்து அடிகளே காலப்பிரமாணத்தைக் கட்டிக் காக்கின்றன. கியூபாவின் லாஸ் வான் வான் இசைக்குழுவில் வாசித்த சாங்கீத்தோ இடது கைக்கென்றே ஒரு நுட்பத்தை உருவாக்கி, அதற்கு 'ரகசியக் கை' என்று பெயரும் வைத்துச் சொல்லித்தந்தார்.

குறைந்தது மூன்று பாட்டுகளுக்காவது இந்த ஒரு கையை மட்டும் பாருங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். பக்கத்து நாற்காலிக்காரர் தனி வாசிப்பு எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்; பதில் சொல்ல வேண்டாம்.

பிறகு கிளாவே, பாட்டு முழுவதற்கும் அடியில் ஓடும் ஐந்து அடித் தாளக்கட்டு. கச்சேரியில் தொடையில் தாளம் போட்டுக் கேட்கிறவர்களுக்கு இது எளிதில் வந்துவிடும். நடனக்காரர்கள் எண்ணும் எட்டு எண்ணிக்கையில் 2, 3, 5, ஆறரை, 8 ஆகிய இடங்களில் தட்டுங்கள். இது 2–3 கிளாவே. பாதிகளை இடம் மாற்றினால் 1, இரண்டரை, 4, 6, 7 என்று 3–2 கிளாவே கிடைக்கும். பல பாட்டுகளில் கிளாவேயை யாரும் வாசிக்கவே மாட்டார்கள். எல்லோரும் அதை மனத்தில் வைத்துக்கொண்டு வாசிப்பார்கள். பட்டறையில் வித்வான் கூட்டத்தைக் கைதட்டச் சொல்லிவிட்டு அதன்மேல் வாசிப்பது வழக்கம். அப்போது வெட்கப்படாமல் தட்டுங்கள். மூன்று அடி விழும் பாதியில் அவருடைய வலது கை தும்பாவின் பக்கம் போவதை உங்கள் கையே உங்களுக்குச் சொல்லும்.

தும்பா எல்லா இடத்திலும் வராது. பாடகர் கதை சொல்லும் முதல் பகுதியில் பலர் ஒரே டிரம்மில் அடக்கி வாசிப்பார்கள். கோரஸ் பதில் பாடத் தொடங்கும் மொந்தூனோ பகுதி வந்ததும் போங்கோக்காரர் போங்கோ என்னும் சிறிய இரட்டை டிரம்மைக் கீழே வைத்துவிட்டுக் கைமணியை எடுப்பார். அதே நொடியில் கொங்காக்காரரின் கை பெரிய டிரம்முக்கு நீளும். யாரும் யாரையும் பார்த்திருக்க மாட்டார்கள். இந்த மாற்றத்தைப் பிடிக்க வேண்டுமானால் போங்கோக்காரரை ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டே இருங்கள். கொங்காவுக்கு இந்தக் கூட்டணியில் இடம் கிடைத்தது சற்றுத் தாமதமாகத்தான். 1940 வாக்கில் ஹவானாவில் ஆர்செனியோ ரொட்ரிகெஸ் தன் குழுவில் அதைச் சேர்த்துப் பரவலாக்கினார். அதற்கு முந்தைய சோன் எனும் கியூபா இசை வகைக் குழுக்களில் தோல்கருவி என்றால் போங்கோதான்.

முதல் எண்ணிக்கை எங்கே என்று தெரியாமல் திணறினால் கவலை வேண்டாம். பேஸ் கிதார் பெரும்பாலும் அந்த இடத்தைத் தொடாமல் முன்கூட்டியே விழுந்துவிடும். நடனப் பயிற்சிக்கு வந்திருப்பவர்களின் கால்களைப் பாருங்கள். நடன ஆசிரியர் எடி டோரஸ் பரப்பிய நியூயார்க் பாணியில் ஆடுபவர்கள் திசை மாறும் அடியை 2, 6 ஆகிய எண்ணிக்கைகளில் வைக்கிறார்கள். கொங்காவின் ஸ்லாப் விழுவதும் அங்கேதான். ஒரு கண் காலிலும் ஒரு காது ஸ்லாப்பிலும் இருந்தால் இரண்டு நிமிடத்தில் வழி தெரிந்துவிடும்.

தனி வாசிப்பு வரும்போது பெரும்பாலோர் வேகத்துக்குக் கை தட்டுகிறார்கள். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. நல்ல வித்வான் நாலைந்து அடிகளில் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிடுவார். அந்த இடைவெளியில் கிளாவே உங்களுக்குள் ஓடுகிறதா என்று பாருங்கள், அவருக்குள் ஓடிக்கொண்டிருக்கும். கியூபாவின் தாத்தா குயினெஸ் நகங்களால் தோலைச் சுரண்டியும் தட்டியும் வாசித்தார். புவேர்ட்டோ ரிக்கோவின் ஜியோவானி ஹிடால்கோ, ஸ்நேர் டிரம் குச்சிப் பயிற்சிகளைக் கைக்குக் கொண்டுவந்து, உருட்டல் அடிகளைத் துல்லியமாக வாசித்துக் காட்டியவர். பட்டறைக்கு முன் அவரைக் கேட்டுப் பழக விரும்பினால் 1991இல் வெளிவந்த 'ப்ளானட் டிரம்' இசைத்தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க டிரம் கலைஞர் மிக்கி ஹார்ட் உருவாக்கியது. அதில் ஹிடால்கோவுடன் ஜாகிர் உசேனும் நம் கடம் வித்வான் விக்கு விநாயக்ராமும் இருக்கிறார்கள். கிராமி விருதும் பெற்றது. கடமும் கொங்காவும் பக்கத்தில் பக்கத்தில் ஒலிப்பதைக் கேட்டால் வெறும் கை என்ன செய்யும் என்பது புரியும்.

கைப்பேசியை எடுப்பதானால் அனுமதி கேட்டுவிட்டு, மெதுவாக வாசித்துக் காட்டும் பகுதியில் கைகளை மட்டும் அரை நிமிடம் படம்பிடியுங்கள். முழு நிகழ்ச்சியையும் தூக்கிப் பிடித்துப் பதிவு செய்கிறவர்கள் பின்வரிசைக்காரர்களின் பார்வையையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள். கேள்வி நேரத்தில் "எத்தனை வருடம் பயிற்சி செய்தீர்கள்?" என்று யாராவது கேட்டே தீருவார்கள். நீங்கள் வேறு கேளுங்கள்: "பாடகர் பாடும்போது எந்த அடியைத் தவிர்க்கிறீர்கள்?" "இந்தப் பாட்டில் கிளாவே எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது?" "இடது கையை மட்டும் வாசித்துக் காட்ட முடியுமா?" கடைசிக் கேள்விக்கு நான் பார்த்த வித்வான்கள் எல்லோருமே சிரித்துக்கொண்டே வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

முடிவில் சில இடங்களில் பார்வையாளர்களையும் வாசிக்க அழைப்பார்கள். அழைத்தால் போங்கள், மார்ச்சாவை மட்டும் வாசியுங்கள், தும்பா பக்கம் போகாதீர்கள். கேட்காமல் யாருடைய டிரம்மிலும் கை வைக்கக் கூடாது. உட்காருவதற்கு முன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். டிரம்மின் தோல் கிழிந்தால் புதிதாக வாங்கிக் கட்டவேண்டியவர் அதன் சொந்தக்காரர்.