பூனை இருமினால் முடி உருண்டைதான் என்று விட்டுவிடாதீர்கள்

கிருஷ்ணகிரியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் கிரானைட் அறுக்கிற பட்டறை ஒன்று இருக்கிறது. ஜன்னல் திண்டில் விரலை வைத்தால் வெள்ளையாக ஒட்டும். பூனை தூங்குவதும் அங்கேதான். ஒருநாள் தரையோடு பதுங்கி, கழுத்தை முன்னால் நீட்டி இருமியது. நக்கி விழுங்கிய முடியை உருண்டையாகக் கக்கப்போகிறது என்று காத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. அந்த வாரம் மூன்று முறை இதே கதை. ஆஸ்துமா என்றார் கால்நடை மருத்துவர்.

பூனை அயர்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்குள் இருந்தால் சரி. தொடர்ந்து தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். இருமலை செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே போனால் அது இருமவே இருமாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு நீலம் பாரித்தாலோ நடுராத்திரி ஆனாலும் கிளம்ப வேண்டியதுதான்.

கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாவற்றையும் நிறுத்தினோம். (வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு அம்மாவிடம் பெரிய சண்டை.) அப்புறம், பூனைக்கும் சின்ன மாஸ்க் வைத்து இன்ஹேலர் கொடுக்கலாம், பழகிக்கொள்கிறது. இருமல் நின்றுவிட்டதே என்று, ஆஸ்துமாவுக்கு மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். நாம் போடும் பாராசிட்டமால் கூடவே கூடாது, பூனைக்கு அது விஷம்.